ஒரு முழம் ஆழம்

தண்ணீர் இல்லை என்று புலம்பினால் இந்தப் பக்கத்தில் கூடவே உட்கார்ந்து புலம்ப நாலு பேர் கிடைப்பார்கள். தண்ணீர் கூடிப்போச்சு என்று ஒருத்தி புலம்பினால், உடம்புக்கு என்ன செய்யுது என்றுதான் கேட்பார்கள். ஆனைக்குட்டத்துக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளடங்கிய அந்த ஊரில், கார்த்திகை மூன்றாவது வாரத்தில் மாரித்தாய் அப்படித்தான் புலம்பினாள்.

"கொல்லையில தண்ணி நிக்குதுக்கா. வடிய மாட்டேங்குது."

எதிர்வீட்டுப் பஞ்சம்மாள் இடுப்புக் குடத்தை இறக்கவில்லை. "நின்னா நிக்கட்டும். சித்திரையில லாரிக்கு முன்னாடி நான் சண்டை போட்டப்ப நிக்கலையே அது. இப்பவாச்சும் நிக்குதே."

மாரித்தாயின் கொல்லை மூன்று சென்ட். பார்க்கிறவர்களுக்கு நாலு வரி மிளகாய், மூணு வரி கத்தரி, கொஞ்சம் தக்காளி, ஓரத்தில் வெண்டை, பந்தலில் பீர்க்கு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு வாழை. அவளுக்கு அது வேறு. இருபத்தேழு வருசம் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினவள். வேனில் பக்கத்துச் சீட்டில் கூடவே வந்துகொண்டிருந்த குருவம்மாள், போன ஆனியில் ஒருநாள் வெடிமருந்து அறைக்கு ஆள் பத்தவில்லை என்று அந்தப் பக்கம் போனாள். சாயங்காலம் வேனில் அவளுடைய தூக்குவாளி மட்டும் வந்தது. மாரித்தாய் தீபாவளி சீசன் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. கடைசி லோடு ஏறி, கம்பெனியைச் சாத்தின அன்றைக்குப் புருசனிடம் சொன்னாள்: "நான் இனிமே போகல."

முத்துக்கருப்பன் அதே கம்பெனியில் குழாய் உருட்டுகிற பகுதியில் மூத்த ஆள். சத்தம் போடவில்லை. மூன்று நாள் யோசித்து நாலாம் நாள் ஒரு பேச்சுப் பேசினான்.

"தை பொறந்து கம்பெனி தொறக்கிற வரைக்கும் பாப்போம். அதுவரைக்கும் நம்ம உலைக்கு வெளிய ஒரு காய் வாங்கப்படாது. தெருவுக்கும் நீ காய் குடுக்கணும். நடந்துச்சுன்னா நீ தோட்டத்தப் பாரு. நடக்கலைன்னா வேன்ல ஏறு."

"சரி" என்றாள். ஆவணியிலேயே நாற்றுப் பாவியிருந்தாள் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

கணக்கில் வராத ஒன்று தெருவில் நடந்திருந்தது. புரட்டாசியில் சிமெண்டு ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் தலைமேலேயே முக்கால் அடி ஏற்றிவிட்டார்கள். ரோட்டுக்கு மேலே இருந்த வீடெல்லாம் ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. தெருவில் விழுகிற மழை முழுக்க மாரித்தாய் வீட்டுச் சந்து வழியே நடந்து கொல்லைக்கு வந்து உட்கார்ந்தது. கொல்லைக்குத் தெற்கே உக்கிரபாண்டியின் மக்காச்சோளக் காடு. நடுவில் அவருடைய வரப்பு, முழங்கால் உயரத்துக்கு. அதைத் தாண்டித் தண்ணீர் போக வழியில்லை. மண்ணோ கரிசல். ஒருதடவை குடித்தால் விடாத மண்.

முதலில் தலையைத் தொங்கப் போட்டது மிளகாய். மாரித்தாய் ரேசன் கடைக்குப் போயிருந்த நேரம் முத்துக்கருப்பன் அதைப் பார்த்தான். இந்த ஊரில் பிறந்தவனுக்குச் செடி தொங்கினால் தாகம். அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. வீட்டு அடிபம்பில் எட்டுக் குடம் அடித்துச் சுமந்துவந்து வேர் வேராக ஊற்றினான். ஊற்றிவிட்டு, பொண்டாட்டி வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று வாசலில் உட்கார்ந்திருந்தான்.

அவள் அரிசிப் பையை வைத்துவிட்டுப் பின்னால் போனாள். ஒரு மிளகாய்ச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறி, நனைந்த சணலாட்டம் தோல் உரிந்து தொங்கியது.

"மோந்து பாருங்க."

மோந்தான். கூமுட்டை வாடை.

"இதுக்குத்தான் எட்டுக் கொடம் ஊத்தியிருக்கீக."

"எங்க அப்பன் பாட்டன் எல்லாம் வாடுனா ஊத்துனாக, புள்ள."

"அவுகளுக்கு ஊத்துறதுக்குத் தண்ணி எங்க இருந்துச்சு? சும்மா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பாக."

அவனுக்கு ரோசம் வந்துவிட்டது. மறுநாள் சைக்கிளை மிதித்துக் கம்பெனி வாசலுக்குப் போய், வாட்ச்மேனிடம் சொல்லி, கழித்துப் போட்ட பேன்சிக் குழாய் நாற்பதைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தான். வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வெடியை நிறுத்தி விடுகிற குழாய் அது. காகிதத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி உருட்டி, காய்ந்தபின் தட்டினால் மரம்போலக் கேட்கும். உருட்டினது அவன் கையே.

"இதப் பூமிக்குள்ள வரிசையாப் பதிச்சு, மூலையில ஒரு பள்ளத்துல கொண்டு விடுவோம். பள்ளத்துல இருந்து வாளியில மொண்டு ரோட்டுல ஊத்திருவோம்."

"காகிதம் தாங்குமா?"

"நெருப்புக்கே அசையாத கொளா. தண்ணி என்ன பண்ணிரும்?"

மாரித்தாய்க்கு வாய் வரைக்கும் ஒரு பதில் வந்தது. ஆனால் இருபத்தைந்து வருசத் தொழில்காரன் இவ்வளவு மலர்ச்சியாக நிற்கும்போது எதற்கு என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வேட்டி சேலையைத் தூக்கிச் செருகி, சேற்றில் ஒரு பகல் முழுக்கத் தோண்டிப் பதித்தார்கள். முதல் நாள் தண்ணீர் ஜோராக வந்தது. இரண்டாம் நாள் யோசித்து யோசித்து வந்தது. நாலாம் நாள் நின்றது. மாரித்தாய் தோண்டி உள்ளே கையை விட்டாள். ஒரு கை கேப்பைக்களி வந்தது, பசை வாடையோடு.

அதே கம்பெனிக்குப் போகிற பஞ்சம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். "எங்க அண்ணன் தண்ணிக்குப் போய் பேன்சி விட்டிருக்காருல்ல."

முத்துக்கருப்பன் அன்றைக்குச் சோற்றில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, "செடி எம்புட்டு நாள் தாங்கும்?" என்று கேட்டான்.

"தக்காளி போச்சு. கத்தரி தாங்கும், ஒரு வாரம். மிளகாயில பாதியக் காப்பாத்தலாம், தண்ணி போகுறதுக்கு எடம் கெடச்சா."

இடம் ஒன்றுதான் இருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம்.

உக்கிரபாண்டிக்கு அறுபது வயசு. ஊரில் எட்டு ஏக்கர் புஞ்சை. மாரித்தாயின் மாமியார் அந்தக் காட்டில் களையெடுத்த காலத்தில் அவரை "சாமி" என்று கூப்பிட்டாள். மாரித்தாய் கூப்பிடுவது "அண்ணாச்சி". கம்பெனி வேன் ஊருக்குள் வர ஆரம்பித்த பிறகு தெருவுக்கு வந்த வார்த்தை அது. முதல்தடவை கேட்டபோது அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பழகிக்கொண்டார்.

காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் சோளத்தைப் பார்த்து நின்றபோது அவள் வரப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"அண்ணாச்சி, வரப்புல ஒரு சாண் வெட்டிவிட்டா எங்க தண்ணி உங்க ஓரமாவே ஒதுங்கிப் போயிரும். பயிருக்குச் சேதம் வராது."

"ஏன் தாயி, ஒங்க வீட்டுச் சாக்கடைக்கு என் காடுதான் கெடச்சுதா?"

"சாக்கடை இல்ல அண்ணாச்சி. மளைத்தண்ணி."

"இன்னைக்கு மளைத்தண்ணி. நாளைக்கு ஏனங் கழுவுன தண்ணி. பெறகு, 'எங்க தண்ணி முப்பது வருசமா இப்படித்தான் போகுது'ன்னு வக்கீல் நோட்டீசு வரும். எங்க அப்பா ஒரு கெழவி நடந்து போகட்டும்னு கெளக்க ஒத்தையடிப் பாதை விட்டாரு. இப்ப அதுல உங்க கம்பெனி வேன் போகுது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நிலம் வைத்திருக்கிறவனுக்குப் பயம் நிலத்தைவிட நாலு ஏக்கர் கூடவே இருக்கும். மாரித்தாய் வீட்டுக்குத் திரும்பினாள். திரும்புகிற வழியில் அவருடைய காட்டின் தென்மூலையைப் பார்த்தாள். அங்கே அவருடைய கிணறு. ஊரெல்லாம் இத்தனை மழை பெய்தும் அதில் தண்ணீர் பாதிக்குக் கீழேதான் கிடந்தது. மேட்டுக் காடுகளில் பெய்கிற மழையெல்லாம் அவருடைய வரப்பைச் சுற்றி ரோட்டு ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தன் வரப்பைத் தானே உயர்த்திக்கொண்டதில் அவருக்குக் கிடைத்த லாபம் அது.

சந்தையில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும். வேண்டும் என்று கேட்டு நிற்கிறவளிடம் கடைக்காரன் இறங்க மாட்டான். கையிலிருப்பதை மடியில் கட்டிக்கொண்டு நடக்கிறவளைத்தான் பின்னாலிருந்து கூப்பிடுவான். மாரித்தாய் சந்தையில் கடை போட்டவள் இல்லை. இருபத்தேழு வருசம் போர்மேன்களோடு பேசிப் பிழைத்தவள். அதுவும் பெரிய பள்ளிக்கூடம்தான்.

மறுநாள் வரப்பை ஒட்டித் தன் பக்கத்திலேயே ஒரு குழியை ஆரம்பித்தாள். ஆறடிக்கு நாலடி. முத்துக்கருப்பன் மண்வெட்டியோடு உள்ளே நின்றான்.

"இம்புட்டு மளைக்கு இந்தக் குழி காணுமா?"

"காணாது."

"பெறகு எதுக்குத் தோண்டுறோம்?"

"தோண்டுங்க."

"நாளைக்குள்ள ரொம்பிரும், புள்ள."

"ரொம்பட்டும். நீங்க சத்தமாத் தோண்டுங்க."

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தான். புரியவில்லை. ஆனால் குழாய் விசயம் இன்னும் ஆறாமல் இருந்ததால் கேள்வியை விழுங்கிவிட்டுச் சத்தமாகத் தோண்டினான். பஞ்சம்மாள் வந்து என்ன குழி என்று கேட்டபோது மாரித்தாய், சோளத்துக்குள் களையெடுத்துக்கொண்டிருந்த உக்கிரபாண்டியின் சம்சாரம் ராக்காயிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஊறுகுழிக்கா. தெருத் தண்ணி பூராம் இதுக்குள்ள எறக்கப் போறோம். சித்திரையில நீ லாரிக்குப் போக வேணாம். எங்க அடிபம்புல வந்து அடிச்சுக்கோ."

ராக்காயி களைக்கொத்தோடு நிமிர்ந்தாள்.

அடுத்த நாள் பத்து மணி வாக்கில் உக்கிரபாண்டி வந்தார். வரப்பு வழியாக இல்லை, தெரு வழியாக, வாசலுக்கே வந்தார். மாரித்தாய் நாற்காலி போட்டு, டீயும் ஒரு தட்டில் சாத்தூர்ச் சேவும் வைத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன தாயி, குழி தோண்டுறீகளாமே."

"ஆமா அண்ணாச்சி. வீணாப் போற தண்ணிய வெளிய விட மனசு வரல."

"முந்தாநாள் வெளிய விடணும்னுதான என்கிட்ட கேட்ட?"

"புத்தியில்லாமக் கேட்டேன். நீங்க மாட்டேன்னீக. நல்லதாப் போச்சு."

அவர் ஒரு சேவை எடுத்து ஒடித்தார். "குழிக்குள்ள எறங்குற தண்ணி எங்கிட்டுப் போகும்?"

"ஊத்தோட சேந்துரும். எங்க பம்புக்கு போர் போட்டப்ப, நீரோட்டம் பாத்தவரு கையில வச்ச தேங்கா வடக்க பாத்து நிமிந்துச்சு. ஊத்து வடக்கதான் ஓடுது அண்ணாச்சி."

தேங்காய் நிமிர்ந்தது நிஜம். எந்தப் பக்கம் பார்த்து நிமிர்ந்தது என்பது தேங்காய் வைத்தவருக்கே இப்போது ஞாபகம் இருக்காது. வடக்கே என்றால் உக்கிரபாண்டியின் கிணற்றுக்கு எதிர்த்திசை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூடியது. அடுத்தவன் வீட்டுத் தண்ணீர் தன் நிலத்துக்கு வரக்கூடாது என்று சொல்ல இந்தச் சீமையில் ஆள் உண்டு. அதே தண்ணீரை அடுத்தவன் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஆள் கிடையாது.

"குழி கொசுவாப் போகும் தாயி. பிள்ளைக இருக்கிற தெரு. நான் ஒண்ணு சொல்றேன். வரப்புல ஒரு சாண் வெட்டிக்கிருங்க. ஓரமா வாய்க்கா இழுத்து என் கெணத்துல விட்டுக்கிறேன்."

"வேணாம் அண்ணாச்சி. வக்கீல் நோட்டீசு வந்துரும்."

"நான்தான சொல்றேன்."

"நாங்க வெட்டுனா நாளைக்கு எங்க பாத்தியம்னு பேச்சு வரும். நம்ம ரெண்டு வீட்டுக்கும் எதுக்குப் பொல்லாப்பு? உங்க வரப்ப நீங்களே வெட்டுனா அது உங்க இஷ்டம். வேணும்கும்போது தொறப்பீக, வேணாம்னா அடைப்பீக. எங்களுக்கு அதுல ஒரு பேச்சும் கெடையாது."

அவர் தலையை ஆட்டினார். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வெட்டுகிற வேலையும் தன் தலையில் வந்துவிட்டதை அவர் கவனித்திருக்கலாம். கவனித்தாலும் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை.

"அப்ப ஒரு சாண் வெட்டச் சொல்லிருதேன்."

"ஒரு சாணுக்கு மேல்தண்ணி மட்டுந்தான் வரும் அண்ணாச்சி. கெணத்துக்குக் காணாது. ஒரு முழம் ஆழம் வேணும்."

"ஒரு முழம் வெட்டுனா வரப்பு என்னத்துக்காகும்? ஒண்ணரைச் சாண்."

"ஒண்ணரைச் சாணுன்னா பாதித் தண்ணி இங்கனயே நிக்கும். அதுக்கு குழியே தேவல."

"முழத்துக்கு நாலு விரக்கடை கொறையா."

மாரித்தாய் பின்பக்கம் திரும்பி, "என்னங்க, குழிய இன்னும் ரெண்டடி எறக்குங்க" என்றாள். பின்னாலிருந்து மண்வெட்டி சத்தம் கேட்டது. முத்துக்கருப்பன் அந்த நொடியில்தான் முழுசாகப் புரிந்துகொண்டான். குழிக்குள் நின்றபடி சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சரி தாயி, ஒரு முழம்" என்றார் உக்கிரபாண்டி. தட்டிலிருந்த சேவை முடித்தார். டீயையும் குடித்தார். எழுந்தபோது விரலை நீட்டி, "ஆனா ஏனங் கழுவுன தண்ணி வரப்படாது" என்றார்.

"ஒரு சொட்டு வராது. அது எங்க வாளைக்கு."

அன்று மதியமே ஆட்கள் வந்து வரப்பை வெட்டினார்கள். உக்கிரபாண்டியின் பங்காளி ஒருத்தர் அந்த வழியாகப் போனவர் நின்று, "அந்தத் தெருத் தண்ணியவா நம்ம கெணத்துக்குள்ள விடுற?" என்று கேட்டார். பதிலை ராக்காயி சொன்னாள்: "சோளம் குடிக்கப் போற தண்ணி மச்சான். அது உம்மகிட்ட வந்து எந்தத் தெருன்னு கேட்டுச்சா?"

இந்தப் பக்கம் வேலை சும்மா இல்லை. முத்துக்கருப்பன் கொத்தனாரிடமிருந்து மட்டம் பார்க்கிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை வாங்கிவந்தான். ஒரு முனையைச் சந்து வாசலில் அவன் பிடிக்க, மறுமுனையை வெட்டுவாயில் அவள் பிடிக்க, குழாய்க்குள் நிற்கிற தண்ணீரை வைத்துச் சரிவு பார்த்தார்கள். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சுண்ணாம்பால் கோடு போட்டாள். போட்ட கோட்டைப் பார்த்து அவன் சிரித்தான்.

"சரம்ல பின்னியிருக்க, புள்ள."

நிஜம்தான். நடுவே ஒரு தாய்த்திரி மாதிரி பெரிய வாய்க்கால். இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள், ஒவ்வொன்றும் முன்பக்கமாய்ச் சரிந்துவந்து அதில் சேர்கிறது. சரத்தில் ஒரு வெடியின் திரி சரியாகச் சேரவில்லை என்றால் நெருப்பு அங்கேயே நின்றுவிடும். இருபத்தேழு வருசம் அந்தச் சேர்க்கையைத்தான் அவள் விரல் தடவித் தடவிப் பார்த்தது. இப்போது குனிந்து ஒவ்வொரு சந்திப்பையும் கையால் வழித்து, கல் இருந்தால் எடுத்து, மண் சரிந்தால் தட்டி இறுக்கி, தண்ணீர் தடுக்காமல் வழுக்கிப் போகிறதா என்று பார்த்தாள். தோண்டின மண்ணையெல்லாம் வாய்க்கால்களுக்கு நடுவே ஏற்றி, முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி பிடித்தாள். கத்தரியை வேர்மண்ணோடு பெயர்த்து மேட்டில் வைத்தாள். குப்பை மட்கையும் அடுப்புச் சாம்பலையும் கலந்து அணைத்தாள். பாதி தோண்டின குழியையும் விடவில்லை. வெட்டுவாய்க்கு முன்னால் தண்ணீர் அதில் விழுந்து, வண்டலை அங்கே இறக்கிவிட்டு, மேலே தெளிந்து போகும்படி செய்தாள். உக்கிரபாண்டியின் வாய்க்காலுக்குச் சேறு போய் அடைத்தால் முதல் சண்டை அங்கேதான் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் மழை பிடித்தது. சந்து வழியே தெருத் தண்ணீர் வந்தது. கொல்லையில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. கிளை வாய்க்காலிலிருந்து நடு வாய்க்கால், அங்கிருந்து குழி, குழியிலிருந்து வரப்பின் வெட்டு, சோளத்தின் ஓரமாகத் தென்மூலை. முத்துக்கருப்பனும் அவளும் தலையில் ஆளுக்கொரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு தண்ணீரோடு கூடவே நடந்துபோய்ப் பார்த்தார்கள். கிணற்று விளிம்பிலிருந்து கயிறு மாதிரி உள்ளே விழுந்தது.

அவளுடைய மாமியார் அந்தக் காலத்தில் இந்தக் கிணற்றில் வாளி விட முடியாது. தள்ளி நின்று குடத்தை நீட்டினால் யாராவது ஊற்றுவார்கள். மாரித்தாய் அதை அப்போது நினைத்தாள். விழுகிற சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "வாங்க, உலை வைக்கணும்" என்றாள்.

மார்கழியில் மழை விட்டது. மிளகாயில் பாதி செத்தது. மீதி மேட்டில் வேர்பிடித்து, செத்ததுக்கும் சேர்த்துக் காய்த்தது. தக்காளி இருந்த இடத்தில் சிறுகீரையும் முள்ளங்கியும் விதைத்தாள். தெரு காய் வாங்க அவள் வாசலுக்கு வர ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் உக்கிரபாண்டி வரப்பில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"என்ன தாயி, நாலு நாளாத் தண்ணி வரக் காணோம்?"

"மளை பெய்யல அண்ணாச்சி."

"அது தெரியும். நீ எங்கிட்டும் அடைச்சு வச்சிருக்கியோன்னு பாத்தேன்."

"வந்து பாருங்க."

வந்தார். நடு வாய்க்கால் நெடுகக் குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் நின்று, பாத்தியைக் கையால் அமுக்கி, மண் பொலபொலவென்று உதிர்வதைப் பார்த்தார். கரிசல் மண் தை நெருங்குகிற நேரத்தில் அப்படி உதிர்வதை அவர் தன் காட்டில் பார்த்ததில்லை. "யாரு கோடு போட்டது?" என்று கேட்டார். முத்துக்கருப்பன், "எங்க வீட்ல" என்றான். அவர் தலையாட்டிக்கொண்டே போனார். போகிறபோது நாலு கத்தரிக்காய் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் கம்பெனி திறந்தது. ஏழு மணிக்கு வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது. முத்துக்கருப்பன் தூக்குவாளியோடு வாசலில் நின்றான். உள்ளே இருந்தது வீட்டுக் கத்தரி, வீட்டு மிளகாய். வெளியே வாங்கினது புளியும் உப்பும். மாரித்தாய் குனிந்து கீரையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வேன் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தான். "அக்கா ஏறலையா? சீட்டு வச்சிருக்கேன்."

மாரித்தாய் நிமிரவில்லை. பதில் புருசன் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டாள்.

முத்துக்கருப்பன் ஏறி, காலியாக இருந்த சன்னலோரச் சீட்டைப் பார்த்தான். பின்னால் ஏறிக்கொண்டிருந்த பஞ்சம்மாளிடம், "அதுல நீ உக்காருத்தா" என்றான். "அவ வரமாட்டா."

பஞ்சம்மாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு சன்னல் வழியே ஒரு துணிப்பையை நீட்டினாள். "ஏ மாரி, சாயந்தரம் வரும்போது ரெண்டு கட்டுக் கீரை, ஒரு கூறு கத்தரி. முத்தல் போட்டீன்னா திருப்பிக் குடுத்துருவேன்." அடுத்த சன்னலிலிருந்து இன்னொரு பை நீண்டது. அதற்கடுத்து இன்னொன்று. முள்ளங்கி இருக்கா என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். டிரைவர் ஹாரனை அமுக்கி, கம்பெனிக்கா சந்தைக்கா என்று கத்தினான். யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை.

வேன் கிளம்பியபோது மாரித்தாயின் தோளில் ஒன்பது பைகள் தொங்கின. எந்தப் பை யாருடையது என்று முகத்தை நினைத்து நினைத்துப் பிரித்துக்கொண்டே அவள் கொல்லைக்குப் போனாள்.